துணிமேடு

கணவாயைத் தாண்டி இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் கோதமிக்கு அந்தப் பொத்தான் ஞாபகம் வந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை, வெள்ளைப் பொத்தான்கள், மேலிருந்து இரண்டாவதை மட்டும் சிவப்பு நூலால் யாரோ தைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான் தைத்தாள். ஊசியில் ஏற்கெனவே சிவப்பு நூல் கோத்திருந்தது, வெள்ளை நூலைத் தேடச் சோம்பல், இவன் சட்டைக்கு இது போதும் என்று தைத்துக் கொடுத்துவிட்டாள். இவன் என்றால் எவன். கால் ஒரு சரளைக்கல்லில் வழுக்க, வழிகாட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்த பல்மோ திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, நட என்று கோதமி கையசைத்தாள். ஒன்றுமில்லைதான். மேலே மூச்சு முட்டியது, காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போனது, அந்த நிலையில் பொத்தானையாவது நூலையாவது யார் பார்த்தார்கள். ஆனால் விரல் பார்த்திருக்கிறது. கல்லுக்குச் சட்டை போட்டுவிட்டது அவள் விரல்தானே. அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். பாறைகளுக்கு ஸ்வெட்டர், பாறைகளுக்குக் குல்லாய், ஒரு பாறைக்குக் குழந்தையின் கவுன்கூட இருந்தது. மலையின் தோளில் அந்த இடம் முழுக்க ஆட்கள் குந்தியிருப்பதுபோல இருந்தது. அந்த இடத்துக்கு மலைக்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாததால் அவள் துணிமேடு என்று சொல்லிக்கொண்டாள். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவளுக்கு மேடு என்றால் சயனைடு மேடுதான். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், புல்கூட முளைக்காது, காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். இதுவும் ஒரு மேடு, இங்கேயும் காற்று. ஒரு நடுத்தரமான பாறையைத் தேடிப்பிடித்து, மார்பளவு சரியாக இருக்குமா என்று கையால் அணைத்துப் பார்த்து, சட்டையை மாட்டி, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தான் போட்டாள். இரண்டாவதைப் போடும்போது விரல் ஒரு நொடி நின்றது. ஏன் நின்றது என்று அப்போது அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறாள்.

பெரியவன் சுமேதன் செத்துப்போனவன். சின்னவன் உபாலி இருப்பவன். சட்டை சுமேதனுடையது, அதற்காகத்தான் இந்த வயதில் இவ்வளவு தூரம் வந்தது, அதற்காகத்தான் புத்த விஹாரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிறவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு யாத்திரைக் கூட்டம் சேர்த்தது. அந்தக் கூட்டமும் அடிவாரத்தைப் பார்த்ததுமே முட்டிவலி, மூச்சிரைப்பு என்று சத்திரத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டுவிட்டது, அது வேறு கதை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணிப் பீஸில் எடுத்துத் தைப்பது அவர்கள் அப்பா ஆரம்பித்த பழக்கம். வைகாசிப் பௌர்ணமிக்கு ஒரே கடையில், ஒரே துணியில், ஒரே டெய்லரிடம். சுரங்கத்தூசி அவர் நெஞ்சைத் தின்று முடித்த பிறகும் அவள் அதை விடவில்லை. பையன்கள் வளர்ந்து, தினம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் விடவில்லை. பேண்ட் வாத்தியக்காரர்கள் மாதிரி இருக்கோம்மா என்று உபாலி சிணுங்குவான், சுமேதன் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வான். சுமேதன் சட்டை வருஷம் போனாலும் புதுசுபோல இருக்கும். உபாலி சட்டையில் பொத்தான் இருக்காது, பை கிழிந்திருக்கும். சரி, அப்படியென்றால் சிவப்பு நூல் உபாலி சட்டை. ஆனால் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடுகிறவன்தானே அவன், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அதிலும் பொத்தானைப் பிய்த்திருக்கலாமே. பிய்த்தானா. பிய்த்தான் என்று ஒரு நாள் கண்ணுக்கு முன்னால் வந்தது, இல்லை அது வேறு சட்டை, பழுப்புச் சட்டை. பையைக் கட்டியது யார். உபாலி. நான் எடுத்து வெச்சிட்டேம்மா, நீ திறக்காதே, அங்க போய்த் திற என்று நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். அவளும் திறக்கவில்லை. திறந்தால் அந்த வாசனை வந்துவிடும், மூன்று நாள் ரயிலில் அதை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அவசரக்குடுக்கை. பீரோவில் மேலே இருந்ததை எடுத்துச் சுற்றியிருப்பான். ஏண்டா, செத்தவன் சட்டை எது, உன் சட்டை எது என்றுகூடப் பார்க்கமாட்டாயா என்று மனசுக்குள் திட்டினாள். உயிரோடு இருப்பவன் சட்டையை அவள் அந்த மேட்டில், செத்தவர்கள் துணிக்கு நடுவே, ஒரு கல்லுக்குப் போட்டுவிட்டு, கைகூப்பி, போய் வா கண்ணு என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பிப் போகலாமென்றால் இந்த மலையில் திரும்புவது கிடையாது. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும், ஒரு முறை அடியெடுத்து வைத்துவிட்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வீடு சேரவேண்டும் என்று பல்மோ ஏறும் முன்பே சொல்லியிருந்தாள். புத்தர் வருவதற்கு முன்பிருந்த பழைய மார்க்கத்துக்காரர்கள் சிலர் மட்டும் எதிர்ப்பக்கமாக வருவார்கள். அவர்கள் வந்தால் ஒதுங்கி வழிவிடு, முகத்தைப் பார்க்காதே என்றாள். காலையில் அப்படி ஒருவர் வந்தார். கிழவர், சாதாரண முகம், சாதாரண ஜெர்கின். ஆனால் எல்லோரும் ஒரு பக்கமாகப் போகும் பாதையில் ஒரே ஒரு ஆள் எதிரே வந்தால், அவர் எங்கேயோ ஏற்கெனவே போய்விட்டுத் திரும்பி வருகிறவர் மாதிரி இருக்கிறது. கோதமி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பின்னால் யாரும் இல்லை. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பின்னால் சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் நின்றால் அது ஒரு அடி கழித்து நின்றது. தன் காலடியே பாறையில் பட்டுத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டாள். மலையில் அப்படித்தான் கேட்கும், பயந்த மனசுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. உபாலி எப்போதும் பின்னால்தான் நடப்பான். சுமேதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால், சின்னவன் எதையாவது பொறுக்கிக்கொண்டு பின்னால். விளையாடப் போனவர்களைக் கூப்பிடும்போதுகூட சுமேதா உபாலி என்று ஒரே மூச்சில்தான் கூப்பிடுவாள், சுரங்கக் கம்பெனி லைன் வீடுகளில் எல்லோரும் அதை ஒரே பிள்ளையின் பெயர் என்றே நினைத்தார்கள். சின்னவனைத் தனியாகப் பெயர் சொல்லி எப்போதாவது கூப்பிட்டிருக்கிறாளா. சுமேதன் போன பிறகு அவனை அவள் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை. டேய் என்பாள். சாப்பிட்டியா என்பாள். பெயரைச் சொல்லப் போனால் முதலில் அந்தப் பெயர் வந்து நிற்கும்.

இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிதான். அவள் ஆயா. சுமேதன்தான் அவளை நர்ஸம்மா என்று கேலியாகக் கூப்பிட்டு ஒரேயடியாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டவன். ஒரே துணியைத் தண்ணீரில் நனைத்து இரண்டு நெற்றிக்கும் மாற்றி மாற்றிப் போட்டாள். இப்போது நினைத்தால் அந்த ஈரத்துணி யார் நெற்றியில் அதிக நேரம் இருந்தது என்பதுகூடத் தெரிகிறது. ஒருவனுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறின, ஒருவனுக்கு இறங்கின. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, டாக்டர் அழுதேவிட்டார், சின்னப் பெண்தானே. சுமேதனை எடுத்துக்கொண்டு போன பிறகு கோதமி வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்றாள். உபாலி கையில் பிளாஸ்திரியோடு, குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, கதவு வரைக்கும் வந்து நின்றிருந்தான். அப்போது அவளுக்குள் ஒன்று வந்தது. இவன் போயிருக்கக் கூடாதா என்று வந்தது. வந்துபோனது, அவ்வளவுதான். எந்தத் தாய்க்கும் வராத எண்ணமா என்று பல தடவை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாயிற்று. வேறு எந்தத் தாய்க்கும் வந்திருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். எண்ணம் வந்தது சரி, உதடு அசைந்ததா. அங்கேதான் ஒவ்வொரு முறையும் போய் மாட்டிக்கொள்கிறது. நினைத்தாளா, சொன்னாளா. சொல்லியிருந்தால் அவன் முகம் மாறியிருக்குமே. அவன் முகம் ஏற்கெனவே காய்ச்சலில் வெளுத்திருந்தது, மாறினாலும் எப்படித் தெரியும். அன்றைக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், டீ வாங்கிட்டு வரட்டுமாம்மா என்று. ஊசி குத்திய கையோடு டீ வாங்கப் போகிறானாம். விரல் இரண்டாவது பொத்தானில் நின்றதே, அது எதற்காக நின்றது. தெரிந்து நின்றுவிட்டு, தெரிந்தே போட்டதா. மனசு மறந்ததாக நடிக்கும், கை நடிக்காது.

பாதை ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைந்தது. அந்தப் பக்கம், அவளுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில், நீலக் கட்டம் போட்ட ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. கோதமி வேகமாக நடந்தாள், மலை ஏறும்போதுகூட இப்படி நடக்கவில்லை. வளைவில் முதுகு மறைந்தது. அடுத்த வளைவில் போய்ப் பார்த்தால் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குந்தியிருந்தாள், மேலே நீலப் போர்வை, கட்டமே இல்லை. அந்தப் பெண் சிரித்தாள். இவளுக்குச் சிரிக்க வரவில்லை. போர்வைக்காரி வேறு, நான் பார்த்தது வேறு என்று மனசு அடம்பிடித்தது. துணிமேட்டிலிருந்து சட்டையை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்கள். அல்லது யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, அதுவே எழுந்து வந்துவிட்டது. காற்று சட்டைக் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டதை அவள் பார்த்தாளே. கல்லில் மாட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு கை மட்டும் மேலே எழும்பி, ஸ்கூலில் டீச்சரிடம் ஏதோ கேட்கத் தூக்குவார்களே, அப்படி நின்றது. வகுப்பில் கை தூக்குகிறவன் உபாலி. சுமேதனுக்கு எல்லாம் தெரியும், அவன் எதற்குத் தூக்கப்போகிறான்.

அவள் பின்தங்குவதைப் பார்த்து பல்மோ ஒரு பாறையடியில் உட்கார்ந்து ஃப்ளாஸ்கைத் திறந்தாள். பல்மோ இந்தப் பள்ளத்தாக்குக்காரி. குளிர்காலத்தில் ஊர் பனியில் மூடிக்கொண்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெற்கே வந்து, தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பிளாட்பாரத்தில் ஸ்வெட்டர் விற்பவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் பேரம் பேசும் தமிழ், வாழ்வு சாவைப் பற்றிப் பேசினாலும் கடைசி விலை சொல்வதுபோலத்தான் சொல்வாள். ஸ்வெட்டர் வாங்கப்போன இடத்தில் கோதமி மகனைச் சொல்லி அழ, எங்கள் மலையில் துணியை விட்டுவிட்டுப் போகும் ஓர் இடம் இருக்கிறது என்று அவள் சொல்ல, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. நம் பக்கத்தில் செத்தவர் துணியை வண்ணானுக்குக் கொடுப்பார்கள், ஆற்றில் விடுவார்கள். இங்கே மலையில் விடுகிறார்களாக்கும் என்று இவள் எடுத்துக்கொண்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீயை வாங்கிக்கொண்டு, மேலே வைத்த சட்டை ஒருவேளை மாறிப்போயிருந்தால், ஒருவேளை அது உயிரோடு இருக்கிற பிள்ளையுடையதாக இருந்தால், அவனுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாள். பல்மோ அவளைப் புரியாமல் பார்த்தாள்.

"இருக்கிற பிள்ளை துணிதானே அக்கா வைக்கணும்? செத்தவங்க துணி எதுக்கு, அவங்கதான் செத்தாச்சே. நாங்க எல்லாம் எங்க துணி, எங்க முடி, எங்க நகம், அதுதான் அங்க போடறது. பழைய ஆள் அங்கயே செத்துப்போயிடும். கீழ இறங்கும்போது வேற ஆள்."

அப்படியென்றால் அந்தக் குழந்தைக் கவுன் என்று கேட்டாள் கோதமி. சீக்காளிக் குழந்தையாக இருக்கும், சீக்குப்பிடித்த ஆள் அங்கே தங்கிவிட்டால் நல்ல குழந்தை வீட்டுக்கு வரும் என்றாள் பல்மோ, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல. நல்லதுதான் அக்கா, நல்லதுதான் என்று முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். அவள் நல்லது என்று சொல்லச் சொல்ல கோதமி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். செத்தவர்கள் நடுவே உயிரோடிருப்பவன் சட்டையை வைத்துவிட்டோமே என்று இவ்வளவு நேரம் பயந்தாளே, அங்கே செத்தவர் ஒருவருமே இல்லை. அங்கே குந்தியிருந்ததெல்லாம் உயிரோடு இருப்பவர்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய ஆட்கள். காற்றில் கையைத் தூக்கிக்கொண்டு அம்மா என்று கேட்கப் பார்த்தது பொத்தான் பிய்ப்பவன், பை கிழிப்பவன், பின்னால் வருபவன். அவனை அங்கே விட்டாயிற்று. அப்படியானால் ஊரில், லைன் வீட்டில், இப்போது இருப்பது வேற ஆள். யார் அந்த வேற ஆள். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அன்று வராந்தாவில் அவள் யார் இருக்கவேண்டும் என்று கேட்டாளோ அவன்தான். அதை நினைத்த நொடியில், பயத்துக்கு நடுவே, ஒரு துளி, ஒரே ஒரு துளி, ஆசையாக இருந்தது. அந்தத் துளியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கீழே சிக்னல் கல் என்று ஒரு பாறை. பாதையிலேயே அங்கே மட்டும்தான் போனில் கோடுகள் எழும்பும் என்பதால் யாத்ரிகர்கள் அதன் மேல் ஏறி நின்று நாலா பக்கமும் போனைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோதமி செருப்பு வழுக்க வழுக்க ஏறினாள். விரல் விறைத்திருந்ததால் பல்மோதான் நம்பரை அழுத்திக் கொடுத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வேலைக்குப் போயிருப்பான், ரயிலில் இருப்பான், ரயிலில் கேட்காது, நன்றாகத்தான் இருப்பான். அவன் ம்மா என்றுதான் எடுப்பான், சொல்லும்மா என்றுகூட இல்லை, வெறும் ம்மா. அந்த ஒரு ம்மா கேட்டால் போதும், போனை வைத்துவிட்டு மீதி மலையை முட்டிபோட்டுச் சுற்றச் சொன்னாலும் சுற்றுவாள். எடுத்தான்.

"சொல்லு நர்ஸம்மா."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். அதே குரல். அண்ணன் தம்பிக்குக் குரல் ஒன்றாக இருப்பது உலகத்தில் இல்லாததா. ஆனால் அந்தச் சிரிப்பு, நர்ஸம்மாவில் அந்த 'ஸ'வை அழுத்தும் அழுத்தம். யாருடா என்று கேட்டாள். நான்தான் என்றது. நான்தான் என்றால் என்ன அர்த்தம். பாறைக்குக் கீழே ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார், கோதமி அவர் குல்லாயையே பார்த்துக்கொண்டு, அந்தச் சட்டை, சிவப்பு நூல், டேய் நீ சட்டையை மாத்திக் கட்டிட்டே என்றாள். கொஞ்ச நேரம் அங்கிருந்து காற்றுச் சத்தம்தான் வந்தது. அது இங்கத்துக் காற்றா அங்கத்துக் காற்றா என்று தெரியவில்லை.

"மாறலைம்மா. தெரிஞ்சுதான் வெச்சேன். அந்த ஸ்வெட்டர்காரம்மாகிட்ட நான் அப்பவே கேட்டுக்கினேன், அங்க யார் துணி வைக்கணும்னு."

ஏண்டா என்றாள். மறுபடி ஏண்டா என்றாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னியே. நான் போயிருக்கக் கூடாதான்னு. நீ சொன்னது சரிதாம்மா, நானும் அதையேதான் நினைச்சுக்கினு இருந்தேன். இப்ப அண்ணன் சட்டையப் போட்டுக்கினு இருக்கேன். எனக்கு அளவு சரியா இருக்குது. இனிமே நீ அழ வேணாம்."

கோடுகள் இறங்கிவிட்டன. அவள் போனை அப்படியும் இப்படியும் ஆட்டினாள், உயர்த்தினாள், ஒன்றுமில்லை. சொல்லியிருக்கிறாள். உதடு அசைந்திருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டு, டீ வாங்கிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். அதன் பிறகு ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு தின்று, ஒரே டிவி பார்த்து, அதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். பாறையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. இறங்கியவள் திரும்பினாள். பல்மோ ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஆகாது, நாளைக்கு வேறு துணி கொண்டுவந்து முழுச் சுற்று சுற்றி வைக்கலாம், அங்கே விட்டதை எடுக்கவும் கூடாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நாளைக்கா. அவன் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கோதமி மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டு, நீ போ பல்மோ, என் பிள்ளையை மேலே விட்டுட்டேன் என்றாள்.

மலை இப்போது இடக்கைப் பக்கம் இருந்தது. பாதை அதே பாதைதான், ஆனால் எதுவும் அடையாளம் தெரியவில்லை. இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள் மணிமாலையை உருட்டுவதை நிறுத்தி, ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போர்வைக்காரியும் திருப்பிக்கொண்டாள். தானும் இப்போது எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருகிறவளைப்போலத்தான் அவர்களுக்குத் தெரிவாள். தெரியட்டும். காலையில் வந்த கிழவரும் இப்படி யாரையாவது எடுத்துக்கொண்டு வரத்தான் போயிருப்பாரோ என்னவோ. மூச்சு வாங்கியது, நின்றாள், பின்னால் காலடிச் சத்தம் இல்லை. எதிரே, வெகு தூரத்தில், கணவாயின் தோளில் புள்ளி புள்ளியாக அத்தனை பேரும் குந்தியிருந்தார்கள். அதில் நீலம் எது என்று இங்கிருந்து தெரியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், முதலில் அந்தப் பெயர்தான் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினாள். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிறகு, முன்னால் வேறு யார் பெயரும் இல்லாமல், உபாலி என்று கூப்பிட்டாள். உபாலி, நீ வாடா, நீ இருந்தால் போதும்டா எனக்கு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள்.